முத்துக்குளித்துறையும் வாஷிங்டன் நாற்காலியும்: கடலுக்குத் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறாங்க?

இன்னைக்கு எபிசோட் ஒரு வேலையைப் பற்றியது. வேலை வாஷிங்டன்ல. பதவியோட பேரு சி.இ.ஓ மற்றும் தலைவர். நிறுவனத்தோட பேரு ஜி.இ.எஃப், அதாவது உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியம். பணக்கார நாடுகள் பெரும்பங்கு பணம் போடும். அந்தப் பணம் வளரும் நாடுகளோட காடு, கடல், உயிரினங்கள், பருவநிலைத் திட்டங்களுக்கு மானியமா போகும். எந்தத் திட்டம் மேல போகணும், எது நிக்கணும்ங்கறதுல இந்த ஒரு நாற்காலிக்குப் பெரிய பங்கு இருக்கு.

வரலாற்று எபிசோட்ல இது எதுக்குன்னு கேக்கலாம். காரணம் தூத்துக்குடி. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள் இருக்கிற மன்னார் வளைகுடாவுக்கு 2002-ல இந்த நிதியத்தோட பணம் வந்துச்சு. சுமார் 76 லட்சம் டாலர் மானியம். அந்தப் பணத்தோட ஒரு முனையில வாஷிங்டன் நாற்காலி. இன்னொரு முனையில பாசி எடுக்கிற பெண்கள், சங்கு குளிக்கிறவங்க, வலை போடுறவங்க.

இந்தக் கடலுக்கு வெளியிலிருந்து பணமும் தலைவரும் வர்றது புதுசு இல்ல. நானூறு, ஐநூறு வருஷமா நடக்குது. ஒவ்வொரு காலத்துலயும் தலைவரைத் தேர்ந்தெடுத்த விதம் வேற. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: ஒரு தலைவர் யாருக்குப் பதில் சொல்வார்ங்கறதை அவரோட திறமை முடிவு பண்றதில்ல, அவரை நியமிச்ச கை யாரோடதுங்கறதுதான் முடிவு பண்ணுது. இதை மூணு காலத்துல வச்சுப் பார்ப்போம்.

முதல் காலம்: பிறப்பால் வந்த தலைவர்

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. இந்தக் கரையைத்தான் முத்துக்குளித்துறைன்னு சொல்றோம். முத்துச் சிப்பி கடல் முழுக்க விளையாது. கடலடியில பாறைத் திட்டு இருக்கிற இடங்கள்ல மட்டும் ஒட்டி வளரும். அந்தத் திட்டுக்குப் பேரு 'பார்'. சில வருஷம் பார் நிறைய சிப்பி இருக்கும். அடுத்து பத்து, இருபது வருஷம் ஒண்ணுமே இருக்காது. அதனால முத்துக்குளிப்பு வருஷாவருஷம் வர்ற அறுவடை கிடையாது. வந்தா திருவிழா மாதிரி வரும். ஆயிரக்கணக்கான ஆட்கள், தோணிகள், வியாபாரிகள், கரையில ஒரு தற்காலிக ஊரே எழும்பும்.

இதை யார் நடத்துறது? பணமும் அதிகாரமும் ராஜாவுக்கோ, பிறகு போர்த்துகீசியருக்கோ, 1658-க்குப் பிறகு டச்சுக்காரருக்கோ, கடைசியில ஆங்கிலேயருக்கோ இருந்துச்சு. ஆனா ஆட்களைக் கூட்டி வர்ற சக்தி பரதவர் சமூகத்தோட சாதித் தலைவர்கிட்ட இருந்துச்சு. பாண்டியபதின்னும் அவரைச் சொல்வாங்க. 1530-களில் பரதவர்கள் கத்தோலிக்க மதத்துக்கு மாறின பிறகும் இந்தப் பதவி அழியல. குளிக்கிறவங்கள்ல முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தாங்க, ஆனாலும் இந்தக் கரையோட பெரிய சமூகம் பரதவர்தான்.

கவனிக்க வேண்டியது, மூணு ஐரோப்பிய ஆட்சியும் இந்தப் பதவியை ஒழிக்காம வச்சுக்கிட்டாங்க. அவர் இல்லாம குளிக்க ஆள் திரட்டுறது கஷ்டம். பதிலுக்கு அவருக்கு ஒரு உரிமை கொடுத்தாங்க. குளிக்கிறவர் கடலடிக்கு இறங்க ஒரு கல்லைக் காலில் பிடிச்சு இறங்குவார். அதனால 'கல்'தான் கணக்கு. ஒரு கல்லுன்னா ஒரு குளிக்கும் உரிமை. சாதித் தலைவருக்குச் சில கற்கள் வரியில்லாம விடப்பட்டன. அந்தக் கல்லுல வர்ற சிப்பி அவருக்கு.

இது நல்ல ஏற்பாடான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதவி பரம்பரையா வந்தது. குளிச்சவங்க ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கல. ஆட்சியாளரோட சலுகையை வாங்கறவர் எந்த அளவுக்கு ஆட்சியாளரை எதிர்ப்பார்ங்கறதும் கேள்விதான். ஆனா ஒண்ணு இருந்துச்சு. அவர் அதே கரையில வாழ்ந்தார், அதே கோயிலுக்குப் போனார். தப்பு நடந்தா, தெருவுல நடக்கும்போது முகத்தைப் பார்த்துக் கேக்க ஆள் இருந்தாங்க.

அதே காலத்துல இன்னொரு பதவியும் இருந்துச்சு: கடல்கட்டி. சுறா வாயைக் கட்டுற மந்திரவாதின்னு நம்பிக்கை. கடல்கட்டி கரையில இல்லன்னா குளிக்கிறவங்க தண்ணியில இறங்க மாட்டாங்க. அதனால மந்திரத்துல நம்பிக்கை இல்லாத ஆங்கிலேய அரசாங்கமும் அவரை ஏத்துக்கிட்டுச்சு. அவருக்குச் சிப்பியில பங்கு கிடைச்சுது. நான் இதை மூடநம்பிக்கைக் கதையா சொல்லல. குளிக்கிறவங்க 'இந்த ஆள் வேணும்'னு சொன்னா அரசாங்கம் கேட்டே ஆகணும்ங்கற நிலைமை ஒரே ஒரு பதவிக்காவது இருந்துச்சுன்னு காட்டத்தான் சொல்றேன்.

ரெண்டாம் காலம்: நிபுணர் வர்றார்

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது கணக்கு மாறுது. அப்போ பொதுவா எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. அரசாங்கப் பங்கு கரையிலேயே ஏலம் போகும். இவ்வளவு வருமானம் தர்ற பார் திடீர்னு காலியானா? அதுக்குக் காரணம் கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவைப்பட்டார்.

1902-ல இலங்கை காலனி அரசுக்காக லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேன் வளைகுடாவோட அந்தக் கரைக்கு வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மேன் திரும்பிப் போனார். ஹார்னெல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1906-ல இலங்கை அரசு தன்னோட முத்துப் பார்களை லண்டன்ல பதிவான ஒரு கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டுச்சு. அறிவியல் முறையில சிப்பி வளர்த்து லாபம் பார்க்கலாம்னு திட்டம். கடல் ஒத்துழைக்கல. கொஞ்ச வருஷத்துல சிப்பி வரத்து நின்னு போச்சு, கம்பெனியும் கலைஞ்சு போச்சு.

ஹார்னெல் இந்தப் பக்கம், மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். தூத்துக்குடியில முத்து, சங்கு குளிப்போட பொறுப்பு அவருக்கு வந்துச்சு. பிறகு மாகாண மீன்வளத்துறை இயக்குநராகி 1924 வரைக்கும் இருந்தார். வேலையில அவர் சாதாரண ஆள் இல்ல. சங்கு பற்றி 1914-ல வந்த அவரோட புத்தகம், இந்தியப் படகுகள் பற்றிய அவரோட ஆய்வுகள், இன்னைக்கும் இந்தக் கடலைப் படிக்கிற யாரும் தாண்டிப் போக முடியாதவை.

ஆனா நியமன உத்தரவு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. அவர் அறிக்கை கொடுத்தது அரசாங்கத்துக்கு. இந்த வருஷம் பார்ல சிப்பி இருக்கா, குளிப்பு நடத்தினா எவ்வளவு வரும்? கேள்வி அதுதான். குளிக்கிறவரோட மூணுல ஒரு பங்கு போதுமாங்கறது அவர்கிட்ட கேக்கப்பட்ட கேள்வியே இல்ல. பிறப்பால வந்த தலைவர் போய் படிப்பால வந்த தலைவர் வந்தார். கடலைப் பற்றின அறிவு பல மடங்கு கூடுச்சு. கரைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் குறைஞ்சுது.

இடைவெளியில் என்ன ஆச்சு

சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல இருந்து 1961 வரைக்கும் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடந்துச்சு. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் பார்கள்ல போதுமான சிப்பி வரவேயில்ல.

இன்னொரு பக்கம் பவளப்பாறையை வெட்டி எடுத்தாங்க. சுண்ணாம்புக்கும் அது சார்ந்த தொழில்களுக்கும் தோணி தோணியா பவளம் கரைக்கு வந்துச்சு. பவளப்பாறைதான் அலையைத் தடுத்துத் தீவைக் காப்பாத்துது. அதை எடுத்தா தீவு கரையும். தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ள போயிடுச்சு. வான் தீவு 1986-ல 16 ஹெக்டேர் அளவுல இருந்தது. முப்பது வருஷத்துல 3 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிடுச்சு.

அரசாங்கம் 1986-ல 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சுது. 1989-ல 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாச்சு. அறிவிப்பு வந்தாச்சு, அதை நடத்தப் பணம் வேணும். இங்கதான் மூணாவது காலம் தொடங்குது.

மூணாம் காலம்: நாற்காலிக்கு நடந்த சண்டை

ஜி.இ.எஃப் 1991-ல சோதனை முயற்சியா, சுமார் 100 கோடி டாலரோட தொடங்குச்சு. உலக வங்கிக்குள்ளேயே இருந்துச்சு. தலைவர் எகிப்துல பிறந்த புவியியலாளர் முகமது எல் ஆஷ்ரி; அப்போ உலக வங்கியோட சுற்றுச்சூழல் துறையில இருந்தவர். வளரும் நாடுகளுக்கு இது பிடிக்கல. உலக வங்கியில பணம் போட்டவனுக்குத்தான் ஓட்டு அதிகம். நம்ம காட்டுக்கும் கடலுக்கும் வர்ற பணத்தை அந்த வங்கியோட ஆள் எப்படித் தலைமை தாங்கலாம்னு கேட்டாங்க.

1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகு அமைப்பை மாத்தி எழுத பேச்சுவார்த்தை நடந்துச்சு. 1993 டிசம்பர்ல கொலம்பியாவோட கார்த்தகேனா நகரத்துல அது முறிஞ்சு போச்சு. முறிஞ்ச காரணங்கள்ல ஒண்ணு இதுதான்: நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குறது? சம்பளம் வாங்குற சி.இ.ஓவா, நாடுகள் தங்களுக்குள்ள தேர்ந்தெடுக்கிற ஒருத்தரா? வெளியிலிருந்து பார்த்தா சின்ன விஷயம். ஆனா கூட்டத்துல எதைப் பேசலாம், எதைத் தள்ளிப் போடலாம்னு முடிவு பண்றவர்தான் பாதி அதிகாரத்தை வச்சிருக்கார். எங்க துறையில சொன்னா, அட்மின் பாஸ்வேர்ட் யார்கிட்டங்கற சண்டை.

1994 மார்ச்ல ஜெனீவாவில சமரசம் ஆச்சு. குழுவுல 32 இடம்: வளரும் நாடுகளுக்கு 16, வளர்ந்த நாடுகளுக்கு 14, கிழக்கு ஐரோப்பா, முன்னாள் சோவியத் பகுதிகளுக்கு 2. கூட்டத்துக்குச் சி.இ.ஓவும் நாடுகள் தேர்ந்தெடுக்கிற ஒருத்தரும் பொறுப்பைப் பிரிச்சுக்கணும். ஒருமித்த கருத்து வரலன்னா ஓட்டு. அதுல ஜெயிக்க ரெண்டு தடை தாண்டணும். மொத்த நாடுகள்ல 60 சதவீதமும் வேணும், மொத்தப் பங்களிப்புல 60 சதவீதமும் வேணும். பணம் இருக்கிறவன் தனியா ஜெயிக்க முடியாது. எண்ணிக்கை இருக்கிறவனும் தனியா ஜெயிக்க முடியாது. சி.இ.ஓவை இந்தக் குழுதான் நியமிக்கும். தொடக்கத்துல மூணு வருஷப் பதவி, அதுவும் உலக வங்கி, யு.என்.டி.பி, யு.என்.இ.பி மூணும் சேர்ந்து பரிந்துரைச்ச ஆள். இப்போ நாலு வருஷம், இன்னொரு முறை நீட்டிக்கலாம்.

நம்ம இடம் எங்கேன்னா, அந்த 32 நாற்காலியில ஒண்ணு இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆறு நாட்டுக்கும் பொது. யோசிச்சுப் பாருங்க. மன்னார் வளைகுடாவோட ரெண்டு கரையும், மீனவர் கைது விஷயத்துல தினம் மோதுற ரெண்டு அரசாங்கமும், வாஷிங்டன்ல ஒரே நாற்காலியில இருக்காங்க.

2020 வரைக்கும் அந்தத் தலைமைப் பதவிக்கு வந்தவங்களைப் பாருங்க. எல் ஆஷ்ரிக்குப் பிறகு 2003-ல கனடாவோட லியனார்ட் குட். 2006-ல பிரான்ஸோட மோனிக் பார்பூ. 2012-ல ஜப்பான் நிதி அமைச்சகத்துல இருந்து நவோகோ இஷி. 2020 ஜூன்ல, கொரோனாவால ஆன்லைன்ல கூடின குழு, கோஸ்டா ரிகாவோட கார்லோஸ் மானுவல் ரோட்ரிகஸைத் தேர்ந்தெடுத்துச்சு. மூணு முறை தன் நாட்டோட சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தவர். அஞ்சு பேர்ல மூணு பேர் பணம் கொடுக்கிற நாடுகளைச் சேர்ந்தவங்க. பணம் வாங்குற நாட்டுல அமைச்சரா உக்காந்து, இந்த மானியத்தை ஊருக்குக் கொண்டு போற வேலையைச் செஞ்சு பார்த்தவர் அந்த நாற்காலிக்கு வர 2020 வரைக்கும் ஆச்சு.

பணம் கரைக்கு வந்த வழி

ஜி.இ.எஃப்போட முதல் பேரவைக் கூட்டம் 1998 ஏப்ரல்ல நடந்தது எங்க தெரியுமா? டெல்லியில. மன்னார் வளைகுடாத் திட்டமும் எல் ஆஷ்ரி தலைமையில இருந்த காலத்துல ஒப்புதல் வாங்கினதுதான். பணம் வந்த பாதை இது: வாஷிங்டன், அங்கிருந்து யு.என்.டி.பி, அங்கிருந்து இந்திய அரசும் தமிழக அரசும், கடைசியில மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை. அறக்கட்டளை அலுவலகம் ராமநாதபுரத்துல. அதை நடத்தின இயக்குநர் வனத்துறையிலிருந்து வர்ற ஐ.எஃப்.எஸ் அதிகாரி.

வாஷிங்டன் நாற்காலிக்கு 32 பேர் உக்காந்து விவாதிக்கிறாங்க, 60 சதவீதக் கணக்குப் பார்க்கிறாங்க. ராமநாதபுரம் நாற்காலிக்கு? அது அரசாங்கப் பணியிட உத்தரவு. நல்ல அதிகாரிகள் வந்திருக்கலாம், அது வேற. கரையில இருக்கிறவங்க அந்தப் பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எந்த இடமும் கிடையாது. கார்த்தகேனாவில வளரும் நாடுகள் எதுக்காகச் சண்டை போட்டாங்களோ, அதே கேள்வி ஊருக்குள்ள வரும்போது யாரும் கேக்கல.

திட்டம் வீணாப் போச்சுன்னு நான் சொல்ல வரல. கிராமங்கள்ல சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைஞ்சுது, கடனுதவி போச்சு, மாற்றுத் தொழில் முயற்சி நடந்துச்சு. 2001-ல பவளம் வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல வந்துச்சு. 2005 வாக்குல பவளம் வெட்டுறது நின்னுச்சு. சுனாமியும் கடலோரத்துக்குக் கண்ணைத் திறந்துச்சு. பின்னாடி 2015-ல இருந்து வான் தீவைச் சுற்றி செயற்கைப் பாறைகள் போட்டது வேற பணம், தேசிய பருவநிலைத் தழுவல் நிதி.

ஆனா விலை கொடுத்தவங்க யாருன்னு பாருங்க. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைச்ச பெண்கள். பூங்கா எல்லை கறாரா அமலானதும் அவங்க தலைமுறையா போன இடத்துக்குப் போனாலே குற்றம். அவங்க என்ன பண்ணாங்க? தங்களுக்குள்ள ஒரு கூட்டமைப்பு அமைச்சாங்க. மாசத்துக்கு 12 நாள் மட்டும் பாசி எடுக்கிறதுன்னு தாங்களே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அந்தக் கூட்டமைப்புக்குத் தலைவி. 2015-ல அமெரிக்காவோட சீகாலஜி அமைப்பு அவருக்கு விருதும் 10,000 டாலரும் கொடுத்துச்சு.

இந்த எபிசோட்ல நாம பார்த்த தலைவர்கள்ல, கடல்ல இறங்குறவங்களே தேர்ந்தெடுத்தது இந்த ஒருத்தரைத்தான். அவங்க போட்ட 12 நாள் கட்டுப்பாட்டுக்கு வனத்துறைப் படகு தேவைப்படல.

தலைவர் இல்லன்னா என்ன ஆகும்

'அப்போ மேல யார் இருந்தா என்ன, கீழதானே எல்லாம்'னு தோணலாம். அப்படியும் இல்ல. இன்னொரு நிதியத்தைப் பாருங்க: தென்கொரியாவோட சோங்டோவில இருக்கிற பசுமைப் பருவநிலை நிதியம். 24 பேர் குழு, வளர்ந்த நாடு 12, வளரும் நாடு 12. அப்போ எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. 2018 ஜூலைக் கூட்டத்துல நிகழ்ச்சி நிரலுக்கே இழுபறி ஆச்சு. ஒரு திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைக்கல. கூட்டம் முடியும்போது செயல் இயக்குநர் ஹோவர்ட் பாம்சி ராஜினாமா பண்ணிட்டார். நிரந்தரமா இன்னொருத்தர் பொறுப்பேற்க 2019 ஆச்சு.

2018 அக்டோபர்ல பஹ்ரைன் கூட்டத்துலதான் திட்டங்கள் மறுபடி நகர்ந்துச்சு. அதுல இந்தியக் கடலோரத்துக்கான 4.34 கோடி டாலர் மானியமும் உண்டு: ஆந்திரா, மகாராஷ்டிரா, ஒடிசா. மேல நடக்கிற சண்டைக்குக் கீழ இருக்கிற மீனவக் கிராமம் காத்திருக்கணும். அதனால மேல இருக்கிற நாற்காலியும் முக்கியம்தான்.

அப்போ என்ன கேக்கணும்?

நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை, அந்த வாஷிங்டன் நாற்காலிக்கு ஆள் தேடியே ஆகணும். வேட்பாளர்கிட்ட வழக்கமா பார்க்கிறது நிதி அனுபவம், ராஜதந்திரம், நாடுகள்கிட்ட பணம் திரட்டுற திறமை. இதெல்லாம் வேணும். கூடவே ஒரு கேள்வி வேணும்: உங்க கையெழுத்துல போற பணம் கடைசியா யார் கைக்குப் போகுதோ, அங்க இருக்கிற தலைவரை அந்த ஊர்க்காரங்க தேர்ந்தெடுக்க நீங்க நிபந்தனை வைப்பீங்களா?

இதைக் கேக்கிற வழி நமக்கு இருக்கு. ஜி.இ.எஃப்போட அரசியல் தொடர்பு இந்தியாவில நிதி அமைச்சகத்துகிட்ட, திட்டத் தொடர்பு சுற்றுச்சூழல் அமைச்சகத்துகிட்ட. குழுக் கூட்டத்தோட ஆவணங்கள் அவங்க இணையதளத்துல பொதுவுல இருக்கு. ஆறு நாட்டுக்கான அந்த நாற்காலியில உக்காந்து ஓட்டுப் போடுறவர் நம்ம அரசாங்கத்தோட ஆள். நம்ம எம்.பி நாடாளுமன்றத்துல இதைப் பற்றி ஒரு கேள்வி கேக்கலாம். மீனவர் சங்கம் ஒரு மனு எழுதலாம். வேட்பாளர் யாரு, நாம யாருக்கு ஓட்டுப் போட்டோம், ஏன்? இவ்வளவுதான் கேள்வி.

கடல்கட்டி கரையில நிக்கலன்னா தோணி கிளம்பாது. நூறு வருஷம் முன்னாடி குளிக்கிறவங்களுக்கு அந்த அளவு சொல்லுரிமை இருந்துச்சு. கோடிக்கணக்கான டாலர் வர்ற காலத்துல, அதைவிடக் குறைவா இருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

உங்க ஊர்ல சூழல் மேம்பாட்டுக் குழு இருந்திருந்தா, அதுக்குத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சங்கு பற்றிப் பேசுவோம்.